தண்ணீர் கேன் தூக்கத்தான் கூப்பிட்டீர்களா?

டெவலப்பர் மாநாடு நடத்துகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இங்கே சாதி கிடையாது, கோட் மட்டும்தான் பேசும்." பேசட்டும். ஆனால் அந்த அரங்கில் நாற்காலி போட்டது யார், அதில் உட்கார்ந்து கேட்டது யார் என்று கேட்டால் மட்டும் ஏன் முகம் சுருங்குகிறது?

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்திலிருந்து ஒன்பது பேர், பெங்களூருவில் நடந்த ஒரு மென்பொருள் மாநாட்டுக்குத் தன்னார்வலர்களாகப் போனோம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் நிலையில் எங்கள் மாணவர்கள் இல்லை. வாலண்டியராக வந்தால் நுழைவு இலவசம், உரைகளைக் கேட்கலாம், துறையில் இருப்பவர்களோடு பழகலாம், அதுவே வேலைக்கு வழி என்றார்கள். இரண்டு நாள் முடிந்தபோது கணக்குப் பார்த்தோம். ஒன்பது பேரில் ஒரு உரையையாவது முழுதாகக் கேட்டவர்கள் இரண்டே பேர்.

யாரும் யாரிடமும் சாதி கேட்கவில்லை. "யாருக்கு நல்லா இங்கிலீஷ் வரும்?" என்றுதான் கேட்டார்கள். வருகிறவர்களுக்குப் பதிவு மேசை, பேச்சாளர் உபசரிப்பு, மேடை ஒருங்கிணைப்பு. மற்றவர்களுக்கு நாற்காலி, தண்ணீர் கேன், சாப்பாட்டு டோக்கன், டி-ஷர்ட் மூட்டை. முதல் வரிசையில் பெரும்பாலும் பெருநகரத் தனியார் பள்ளிப் பிள்ளைகள். இரண்டாவது வரிசையில் எங்கள் ஒன்பது பேரும். சாதி கேட்காமலே சாதிப்படி வரிசை அமைந்துவிட்டது. வேலையைப் பிரிப்பது போலத் தொடங்கி ஆட்களைப் பிரிப்பதில் முடியும் இந்தத் தந்திரத்தை அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே தோலுரித்துவிட்டார்.

தண்ணீர் கேன் தூக்குவது கேவலம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் தூக்காத சுமை இல்லை. எங்கள் கேள்வி வேறு. இப்படிப்பட்ட மாநாடுகளில் உரைகள் பெரும்பாலும் பின்னால் யூடியூபில் வந்துவிடும். வராதது வராண்டாப் பேச்சு. காபி குடித்துக்கொண்டே "எங்க டீம்ல ஆள் எடுக்கிறாங்க, உன் ரெஸ்யூமை அனுப்பு" என்று ஒருவர் சொல்கிறாரே, அதுதான் மாநாட்டின் உண்மையான சரக்கு. அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகள் சமையல்கூட வாசலில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வராண்டா சும்மா வந்ததல்ல. 1973 வரை ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடே கிடையாது. பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு அங்கே நடைமுறைக்கு வந்தது 2008-ல். அதற்குள் முதல் தலைமுறைகள் படித்து, கடல் கடந்து, கம்பெனி தொடங்கி, தங்கள் ஜூனியர்களை இழுத்துக்கொண்டாகிவிட்டது. தனியார் துறையில் இன்றும் இடஒதுக்கீடு இல்லை. எனவே ரெஃபரல்தான் வாசல். அந்த வாசலில் நிற்பவர் யாரைத் தெரியும் என்பதைப் பார்த்துத்தான் திறக்கிறார். இதற்குப் பெயர் தகுதியாம்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

பெயர் என்றதும் இன்னொன்று. அந்த மாநாட்டின் பதிவுப் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண்ணிலிருந்து போனவர்கள் நாங்கள். எங்களுக்கு இருப்பது இனிஷியல். அப்பா பெயரைப் போட்டோம். "அது அப்பா பேரு, உங்க சர்நேம் என்ன?" என்று இரண்டு நாளில் எங்கள் மாணவி ஒருவரிடம் மூன்று பேர் கேட்டார்கள். சாதி பார்க்காதவர்களுக்கு அது எதற்கு?

புகார் செய்யலாம் என்று நடத்தை விதிகளைத் திறந்தோம். இனம், பாலினம், மதம், உடல் அமைப்பு, மாற்றுத்திறன் எல்லாம் இருந்தன. சாதி இல்லை. அந்த விதிகள் உலகெங்கும் மென்பொருள் திட்டங்கள் பயன்படுத்தும் 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற ஆவணத்தின் பழைய நகல். கோரலைன் அடா எம்கி என்ற அமெரிக்கர் 2014-ல் உருவாக்கியது அது. அதன் 2.1-ஆம் பதிப்பில் சாதி என்ற சொல் சேர்ந்துவிட்டது. வந்த ஆண்டு 2021. அமெரிக்காவில் எழுதிய ஆவணத்துக்கே சாதி தெரிகிறது. சாதி பிறந்த நாட்டில் அதை நகலெடுக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. லைப்ரரி ஒரு பதிப்பு பழசானாலே பதறி அப்டேட் செய்கிறவர்கள், இதை மட்டும் ஏன் அப்டேட் செய்யவில்லை?

"ஐடியில் சாதியா?" என்று சிரிப்பவர்களுக்கு: 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை, தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு இழைக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டி சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2023-ல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அத்துறை விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். இல்லாத ஒன்றுக்கா இத்தனை வழக்கும் சட்டமும் எதிர்ப்பும்?

மாநாடு நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது நான்கு.

ஒன்று, நடத்தை விதிகளில் சாதி என்ற சொல்லை எழுதுங்கள். புகார் கேட்கும் குழுவில் அதைப் புரிந்துகொள்ளும் தலித் ஒருவராவது இருக்கட்டும்.

இரண்டு, பயண உதவியை முன்பணமாகக் கொடுங்கள். "பில் கொடுங்கள், பிறகு தருகிறோம்" என்பது கையில் காசு இருப்பவனுக்கான உதவி. கந்துவட்டிக்கு வாங்கி ரயிலேறுகிறவனுக்கு அது கடன்.

மூன்று, வேலையைச் சுழற்சியில் விடுங்கள். காலையில் கேன் தூக்கியவர் மதியம் மேடையில் நிற்கட்டும். ஒவ்வொரு தன்னார்வலருக்கும் பாதி நேரம் உரை கேட்க என்று எழுதிக் கொடுங்கள்.

நான்கு, சுமை தூக்கும் வேலைக்குக் கூலி கொடுங்கள். ஸ்பான்சர் பணம் பலூனுக்கும் பைக்கும் போகிறது, ஆளுக்கும் போகட்டும். கழிப்பறை சுத்தம் செய்யும் அக்காக்களும் அதே பந்தியில் சாப்பிடட்டும்.

மாணவத் தோழர்களே, இதைப் படித்துவிட்டு மாநாட்டுக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். நாம் ஒதுங்கினால் அவர்களுக்கு வேலை மிச்சம். போங்கள். போகும் முன்பே என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பேச விண்ணப்பியுங்கள்; அரசு கொடுத்த மடிக்கணினியில் கோட் எழுதக் கற்றவருக்கு மேடையில் சொல்ல நிறையவே இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள்.

கூடவே நம் இடங்களையும் கட்டுவோம். பெங்களூருவின் குடிசைப் பகுதி ஒன்றில், சுதந்திர மென்பொருள் இயக்கத்தினரின் துணையோடு அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் நடந்தது. ஏசி அரங்கமும் ஸ்பான்சரும் இல்லாமல் பிள்ளைகள் அங்கே கணினி கற்றார்கள். நம் சேரிகளில் இருக்கும் ஒவ்வொரு படிப்பகத்திலும் அப்படி ஒன்றைத் தொடங்க முடியும்.

கோட் பேசட்டும். அதற்கு முன் எங்களை உள்ளே உட்கார விடுங்கள்.

ஜெய் பீம்.