பச்சை நானோவா, பச்சைப் பொய்யா?

எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் இருப்பவர் யாரையாவது பிடித்து "புராஜெக்ட் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஓர் இலையின் பெயர் வரும். துளசி, வேம்பு, முருங்கை, நொச்சி, ஆவாரை... இலையைக் கழுவி, கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாக மாறும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு. வெள்ளி நானோ துகள் ரெடி! அதை மெத்திலீன் நீலக் கரைசலில் போட, நீலம் வெளுக்கும். "சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு பசுமை வழி" என்று தலைப்பு வைத்து பைண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம். முன்னுரையில் நொய்யல் ஆற்றைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

அந்த ஒரு வரியில்தான் வம்பே.

நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992ல் திறக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டியது, சில வருடங்களிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கும் தொட்டியாகிவிட்டது. கீழே இருந்த ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு 2009ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலை வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். விவசாயிக்கு நிலம் போனது, பட்டறைத் தொழிலாளிக்கு வேலை போனது. முன்னுரையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிற சமாச்சாரம் இதுதான்.

சரி, அந்தத் தண்ணீரில் என்னதான் இருந்தது? சாயம் இருந்தது, உண்மை. ஆனால் கிணற்றையும் வயலையும் கெடுத்ததில் பெரிய பங்கு உப்புக்கு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டும் என்றால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் போவதெல்லாம் சாதாரணம். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆற்றில் விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அலசிய தண்ணீரெல்லாம் கலந்த பிறகும் சாயக் கழிவு இதைப் பல ஆயிரத்தில் தாண்டி நிற்கும். இந்த இடத்தில் துளசி வெள்ளி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. உலகத்திலுள்ள எந்த இலையின் சாற்றில் செய்த துகளானாலும் சோடியத்தையும் குளோரைடையும் "சிதைக்க" முடியாது. நிறம் போன உப்புத் தண்ணீர் தெளிவாக, அழகாக இருக்கும். அதைத் தென்னைக்கு விட்டுப் பார்த்தால் தெரியும் சங்கதி.

இன்னொரு கூத்து. மெத்திலீன் நீலம் திருப்பூர்ப் பட்டறையில் போடுகிற சாயமே இல்லை! அது நேர்மின்னேற்றம் கொண்ட சாயம். பனியன் துணிக்குப் போவதோ எதிர்மின்னேற்றம் கொண்ட ரியாக்டிவ் சாயங்கள். எதிர்மின்னேற்றப் பரப்புள்ள ஒரு பொருள் மெத்திலீன் நீலத்தைப் பசை போல இழுத்துக்கொள்ளும். அதே பொருள் ரியாக்டிவ் சாயத்தைத் தள்ளிவிடப் பார்க்கும். காய்ச்சி வடித்த நீரில் 10 பிபிஎம் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து 95 சதவீதம் நீக்கிவிட்டேன் என்பவர், நீச்சல் குளத்தில் நீந்திவிட்டுக் கடலைத் தாண்டியதாகச் சொல்பவர்.

"நீக்கியது" என்ற வார்த்தையாவது சரியா என்றால், அதுவும் பல சமயம் இல்லை. பள்ளிக் கண்காட்சியில் 'நீல பாட்டில்' வித்தையைப் பார்க்காதவர் குறைவு. குளுக்கோஸும் காரமும் மெத்திலீன் நீலமும் சேர்ந்த பாட்டில் சும்மா இருந்தால் நிறமில்லாமல் போகும். குலுக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மறுபடி நீலமாகும். சாயம் எங்கும் போகவில்லை, வேஷம்தான் மாறியது. வெள்ளித் துகளோடு சோடியம் போரோஹைட்ரைடையும் சேர்த்துச் செய்கிற அநேக சோதனைகளில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே வேஷம்தான். (அந்த போரோஹைட்ரைடு நச்சுள்ள ரசாயனம். தலைப்பில் மட்டும் 'பசுமை'.) அசோ சாயங்களில் கதை இன்னும் மோசம். நிறம் தரும் பிணைப்பு உடைந்தால் அரோமேட்டிக் அமீன்கள் வெளிவரும். அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. அப்படிப்பட்ட அமீன்களை விடும் சாயங்களை 1994லேயே ஜெர்மனி தடை செய்ததால்தான் ஏற்றுமதிக்காரர்கள் 'அசோ ஃப்ரீ' சான்றிதழோடு அலைகிறார்கள். நிறம் போய்விட்டது என்பதற்காக அந்த நீரைச் சுத்தம் என்று எழுதுவது விஞ்ஞானமா?

வேப்பிலைச் சாற்றில் வெள்ளி, தங்க நானோ துகள்களை வேகமாகச் செய்யலாம் என்று புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் 2004ல் காட்டியபோது அது உண்மையிலேயே புதுசு. நச்சுக் கரைப்பான் இல்லாமல், அறையிலேயே, ஓர் இலையை வைத்து! அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு இலையின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதுவதுதான் சலிப்பு. சுரங்கத்திலிருந்து வந்த வெள்ளி, இலைச்சாறு கூடுதலாக ஏற்றிவிடும் கரிமக் கழிவு, துத்தநாக ஆக்சைடு என்றால் பல நூறு டிகிரி உலைக்கு ஆகும் மின்சாரம்... இதையெல்லாம் கணக்கில் சேர்த்தவர் எத்தனை பேர்? அனஸ்டாஸும் வார்னரும் 1998ல் எழுதிய பசுமை வேதியியலின் 12 விதிகளில் முதலாவதே, கழிவு உண்டான பிறகு சுத்தம் செய்வதைவிட உண்டாகாமல் தடு என்பதுதான்.

அளவையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். லிட்டருக்கு 1 கிராம் துகள் என்பது ஆய்வுகளில் வழக்கமாகக் காணும் அளவு. ஒரு நாளைக்கு 50 லட்சம் லிட்டர் கையாளும் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 டன் துகள் வேண்டும்! 99 சதவீதத்தைத் திரும்பப் பிடித்துவிட்டாலும் தினமும் 50 கிலோ நானோ துகள் நழுவிப் போகும். அது வெள்ளியானால், சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று வேலை செய்யும் பாக்டீரியாவையே கொல்லும். கிருமிநாசினி என்று அதே ஆய்வேட்டின் இன்னொரு அத்தியாயத்தில் பெருமையாக எழுதியிருப்பார்களே, அதே வெள்ளிதான்.

பாவம், மாணவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையில் இருப்பது மூன்று மாதம், ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், அலமாரியில் ஒரு பாட்டில் மெத்திலீன் நீலம். கைடுக்கு ஒரு பேப்பர் வேண்டும். பட்டறைக்குப் போய்க் கழிவுநீர் கேட்டால் வாட்ச்மேன் விரட்டுவார். எல்லாம் சரி. ஆனால் பட்டறை வாசலை மிதிக்காமலே உண்மையான கழிவுக்குப் பக்கத்தில் போக முடியும். ரியாக்டிவ் பிளாக் 5 கொஞ்சம், சாதாரண உப்பு லிட்டருக்கு 50 கிராம், சலவைச் சோடா போட்டு பிஹெச் 11. இதற்கு ஆகும் செலவு வெள்ளி நைட்ரேட்டைவிடக் குறைவு. வெள்ளிக்குப் பதில் இரும்பை எடுத்துக்கொண்டால், வேலை முடிந்ததும் காந்தத்தால் இழுத்துப் பிடிக்கவும் வாய்ப்புண்டு. நிறம் குறைவதோடு மொத்தக் கரிம அளவும் குறைகிறதா, அமீன் மிச்சமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த உப்பிலும் காரத்திலும் 95 சதவீதம் வராது, 30 வரலாம். அந்த 30ஐ மறைக்காமல் எழுதினால் அடுத்து வருபவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

திருப்பூரில் இப்போது தேவைப்படுவதும் அந்த இடத்தில்தான். 2011க்குப் பிறகு ஆர்.ஓ. சவ்வு, ஆவியாக்கும் கலன் என்று போட்டு நீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கடைசியில் தேறாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. அந்த உப்புக் கரைசலை ஆவியாக்காமல் மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பலாம். அதற்கு அதில் ஒட்டியிருக்கும் நிறத்தை எடுத்தாக வேண்டும், உப்பு அப்படியே இருக்க வேண்டும். உப்பை ஒன்றும் செய்ய முடியாத நானோ துகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்குமா? அந்தக் கரைசலில் போட்டுப் பார்த்த முடிவோடு ஒரு புராஜெக்ட் வரட்டும். எந்த இலை என்று யாரும் கேட்கப் போவதில்லை.