தொந்தரவு தராத பிள்ளை

அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1981ல் ஒளிபரப்பான படம் ஒன்றைச் சென்ற வாரம் பார்த்தேன். பெயர் 'தி பெஸ்ட் லிட்டில் கேர்ள் இன் தி வேர்ல்ட்'. பழைய படம்தான். ஆனாலும் வீட்டில் பதின்வயதுப் பேரப்பிள்ளைகள் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய படம் என்பது என் கருத்து. குறைகளும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

கேஸி ஒரு பள்ளி மாணவி. நன்றாகப் படிப்பாள், எதிர்த்துப் பேச மாட்டாள். அக்கா கல்யாணமாகாமலே கர்ப்பமாகி நிற்க, அப்பா அம்மாவின் கோபம், கவலை, கவனம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. தொந்தரவு தராத இந்தப் பிள்ளைதான் சத்தமில்லாமல் சாப்பாட்டை நிறுத்துகிறாள். எலும்பு துருத்திய பிறகும் கண்ணாடியில் தன்னைக் குண்டாகவே பார்க்கிறாள்.

நம் வயதுக்காரர்கள் பலர் இதைத் திமிர் என்போம், அல்லது சினிமா பார்த்து வந்த அழகுப் பைத்தியம் என்போம். உண்மையில் இது நோய். 1870களிலேயே லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதற்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்று பெயர் வைத்துவிட்டார். அன்று சினிமா ஏது, தொலைக்காட்சி ஏது? மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும், நாடித்துடிப்பு குறையும். இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் இறங்கிவிட்டால் இதயமே நின்றுவிடலாம்.

படத்தின் மூல நாவலை எழுதிய ஸ்டீவன் லெவன்க்ரான் இந்த நோய்க்கு மனநல சிகிச்சை அளித்தவர். 'கார்ப்பென்டர்ஸ்' பாடகி காரென் கார்ப்பென்டர் 1982ல் அவரிடம்தான் சிகிச்சைக்குப் போனார். 1983 பிப்ரவரி 4ம் தேதி இறந்துபோனார். வயது 32. பணம், புகழ், மருத்துவம் எதற்கும் குறைவில்லை. சிகிச்சை தொடங்கத்தான் வெகு தாமதமாகிவிட்டது.

இனி குறைகள். கேஸியாக நடித்த ஜெனிஃபர் ஜேசன் லீ இந்த வேடத்துக்காகத் தன் எடையை வெகுவாகக் குறைத்தார். பட்டினி கூடாது என்று சொல்வதற்கு ஓர் இளம்பெண் மெலிந்து காட்ட வேண்டுமா?

இதைவிடப் பெரிய குறை, பெற்றோரின் பாராமுகமே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற எண்ணத்தைப் படம் நம் மனதில் விதைத்துவிடுவது. அந்தக் காலத்து மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அதே 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் வேறு வழியில் போனார்கள். யார் குற்றம் என்று துருவாமல், ஒவ்வொரு வேளையும் பிள்ளையைச் சாப்பிட வைக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார்கள். எடை ஏறியபின் அந்தப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திரும்பும். இளவயதினருக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளில் இது முக்கியமானது. குற்றவாளிக் கூண்டில் நின்ற பெற்றோர் இங்கே துணைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

தாத்தா பாட்டிகளான நமக்கும் வேலை இருக்கிறது. 'இளைச்சுட்டியே', 'சதை போட்டுட்டியே' என்று பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடலாம். தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொல்லிச் சாப்பாட்டைத் தவிர்த்தால், சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடினால், திட்டாமல் அவர்களின் பெற்றோரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். நல்ல பிள்ளை, தானாகவே சரியாகிவிடும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்.