ஆளுக்கு ஒரு ரகம்



ஆடி நெருங்குகிறது. நாட்டு விதை எங்கே கிடைக்கும், தொட்டிக்கு எந்த மண் கலவை நல்லது என்று கேட்டு உங்கள் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் பழக்கம் மொட்டைமாடிகளிலும் தொடர்வதைப் பார்க்க மனம் நிறைகிறது. இந்த மாதம் உங்களிடம் நான் ஒன்று கேட்கப் போகிறேன். மாடித் தொட்டிகள் இருக்கட்டும். கூடவே தெருவிலோ குடியிருப்பிலோ பத்துப் பேர் சேர்ந்து ஒரு பொதுத் தோட்டம் போட முடியுமா என்று பாருங்கள்.

அப்போதுதான் நிறைய ரகங்கள் வளர்க்க முடியும். ஒரு வீட்டு மாடியில் ஏழெட்டுக் கத்தரிச் செடி வைக்கலாம். எல்லாம் ஒரே ரகமாக இருந்தால்தான் ஒரு வேளைக் குழம்புக்குக் காய் தேறும். ரகத்துக்கு ஒரு செடி வைத்தால் சமையலுக்கும் காணாது, விதைக்கென்று ஒரு காயை விடவும் மனம் வராது. பத்து வீடு சேர்ந்த இடத்தில் ஆளுக்கு ஒரு ரகம் எடுத்துக்கொண்டால், பத்து ரகமும் எல்லார் வீட்டு அடுப்புக்கும் வரும்.

சென்னைப் புறநகரில் அப்படி ஒரு தோட்டத்துக்கு அடிக்கடி போவேன். குடியிருப்பின் பின்பக்கம், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காதபடி செங்கல் வைத்து உயர்த்திய பாத்திகள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இலவம்பாடி முள் கத்தரி போட்டிருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ரகம்; காம்பில் முள் இருப்பதால் பார்த்துத்தான் பறிக்க வேண்டும். அடுத்த பாத்தியில் வெள்ளைக் கத்தரி, அதற்கடுத்து பச்சையில் வெள்ளை வரியோடிய குண்டுக் கத்தரி, கோடியில் நீள ஊதா. கொத்சுவுக்கு எது நன்றாகக் குழையும் என்று சிதம்பரத்துப் பெரியம்மா ஒருவர் காயை அமுக்கிப் பார்த்துச் சொல்கிறார். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குப் பிஞ்சுக் குண்டை விட்டால் வேறு இல்லை என்று இன்னொருவர். கத்தரி என்றாலே ஊதா என்று நினைத்திருந்த பிள்ளைகள் பாத்தி பாத்தியாக நின்று பார்க்கிறார்கள். அந்த முகங்களுக்காகவே இப்படித் தோட்டம் போடலாம்.

கொடிப் பந்தலுக்கு வந்தால் இன்னும் அழகு. ஒவ்வொரு கொடிக்கும் பூக்கும் நேரம் வேறு. பரங்கிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். நுரைப்பீர்க்கு காலையில் பூக்கும். நாம் சமைக்கும் வரிப் பீர்க்கோ மாலையில்தான் மஞ்சளாக விரியும். அதோடு சுரையின் வெள்ளைப் பூவும் மலரும். புடலை இரவில் பூப்பது. நூல் நூலாகப் பிரிந்த அதன் விளிம்பைப் பார்க்க டார்ச் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். தேனீ குறைந்த நகரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிட்டால்தான் பல நேரம் காய் பிடிக்கிறது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் பரங்கியைப் பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பீர்க்கையும் சுரையையும். எந்த ஒரு குடும்பமும் எல்லா நேரத்துக்கும் அங்கே இருக்க முடியாது. இத்தனை பேர் இருப்பதால்தான் இத்தனை கொடி.

பல ரகங்கள் ஒரே இடத்தில் இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீளச் சுரையும் குடச் சுரையும் ஒரே பந்தலில் ஏறினால் மகரந்தம் கலந்துவிடும். அந்த வருடக் காய் தாய்க்கொடியின் காயைப் போலவே இருக்கும்; கலப்பு உள்ளே விதையில் இருக்கிறது, அடுத்த ஆடியில்தான் தெரியும். அதனால் விதைக்கென்று வைக்கும் பூவை முதல் நாளே, மொட்டாக இருக்கும்போது, ஆணும் பெண்ணுமாக நூலால் கட்டிவிட வேண்டும். மறுநாள் அது மலரும் வேளையில் அவிழ்த்து, மகரந்தம் தடவி, மறுபடி கட்ட வேண்டும். இதைவிட எளிய வழி, இந்த வருடம் நீளச் சுரை, அடுத்த வருடம் குடச் சுரை என்று எல்லாரும் கூடி முடிவு செய்துகொள்வது. நன்றாக உலர்ந்த சுரை விதை சில வருடங்கள் தாங்கும். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. மொட்டு விடும்போது ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டினால் போதும்.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடியில் போட்ட பந்தல் அவரை புரட்டாசி வரைக்கும் இலையாகவே தழைக்கும். பொறுமை இழந்து பிடுங்கிப் போட்டவர்கள் பலர் எங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும். மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். குத்துச்செடி அவரைக்கு இந்தக் கணக்கு கிடையாது. பக்கத்துப் பாத்தியில் இதெல்லாம் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தால், பிடுங்கப் போகும் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். புத்தகத்தில் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

விதை எடுப்பதும் கூடிச் செய்ய வேண்டிய வேலைதான். கத்தரியைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையை அலசி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். வெண்டை செடியிலேயே காய்ந்து, வரி பிளக்கத் தொடங்கும்போது பறியுங்கள். பரங்கி, பாகல் விதைகளைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டி வைத்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால், அடுத்த முறை அதே காய் வராது. விதைக்கு நாட்டு ரகம்தான் வேண்டும்.

இடம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. தொடங்குவதற்கு முன் சங்கத்திடமோ இடத்துக்காரரிடமோ கேட்டு, யார் எப்போது தண்ணீர் விடுவது, பறித்த காயை எப்படிப் பங்கிடுவது என்று பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு ரகம் பொறுப்பெடுங்கள். தையில் ஒரு கைப்பிடி விதையைப் பக்கத்துப் பாத்திக்காரருக்குக் கொடுங்கள். எந்த ரகத்தை எடுத்தீர்கள், விதை யாரிடமிருந்து வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். விதை கொடுக்க முடிந்தவர்களின் ஊரையும் ரகத்தையும் மாசி இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்