கையடக்கம்

"கைத்துப்பாக்கி ஒன்று வாங்குவதென்று தீர்மானமாகிவிட்டது. பெரிதாக வாங்குவதா, சிறிதாக வாங்குவதா என்பது ஒன்றுதான் பாக்கி. தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று நம் நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் உத்தியோகம் பார்த்து, அந்நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டவர். மனைவியும் நான்கு வயதுக் குழந்தையும் உண்டு.

நம்மைப் போய் இந்தக் கேள்வி கேட்டாரே என்று முதலில் சிரித்தோம். நம் வீட்டு ஆயுதங்களில் பெரியது அரிவாள்மணை, சிறியது பேனாக்கத்தி. இருந்தாலும், கேட்டவருக்குப் பதில் சொல்லாமலிருப்பது மரியாதையல்ல. ஆகவே, விஷயம் தெரிந்தவர்கள் எழுதியவற்றையெல்லாம் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, கேள்வி நாம் நினைத்ததைவிடப் பெரிதென்று தெரிந்தது.

அந்நாட்டுக் கடைகளில் இந்த வழக்கின் வாதியும் பிரதிவாதியும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆஸ்திரியா தேசத்துக் கிளாக் கம்பெனியார் 1982-ல் 'கிளாக் 17' என்ற துப்பாக்கியைச் செய்தார்கள். அது ராணுவத்துக்கென்று செய்த முழு அளவுத் துப்பாக்கி; 17 தோட்டாக்கள் கொள்ளும். 1988-ல் அதன் தம்பியாகக் 'கிளாக் 19' வெளிவந்தது. அதற்கு 15 தோட்டா. அண்ணனுக்கும் தம்பிக்கும் குழல் நீளத்தில் சுமார் அரை அங்குலம் வித்தியாசம். பிடியின் உயரத்திலும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவுதான். இந்த அரை அங்குலத்தைப் பற்றி ஜனங்கள் முப்பது வருஷங்களுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள். அமெரிக்க சர்க்காரின் துப்பறியும் இலாகாவான எப்.பி.ஐ.கூட 2016-ல் புதுத் துப்பாக்கி தேர்ந்தெடுத்தபோது, பெரியதில் ஒரு வகையும் சிறியதில் ஒரு வகையுமாக இரண்டையுமே எடுத்துக் கொண்டது!

அரை அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு அடையாளங்கள் உண்டு. பெரியதில் அவற்றுக்கு இடையே சுமார் 165 மில்லிமீட்டர், சிறியதில் 153. முன் அடையாளம் ஒரு மில்லிமீட்டர் விலகிப் போனால், பத்து மீட்டர் தூரத்தில் குண்டு பெரியதில் 6 சென்டிமீட்டரும் சிறியதில் ஆறரை சென்டிமீட்டரும் விலகிப் போகும். சட்டைப் பைக்குள் அடங்கும் இன்னும் சின்னத் துப்பாக்கியில் அந்த இடைவெளி 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விலகல் 10 சென்டிமீட்டர். கை நடுக்கம் ஒன்றுதான். துப்பாக்கி குறுகக் குறுகத் தவறு நீண்டுகொண்டே போகிறது.

அடுத்தது உதைப்பு. பெரிய படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு அசைவது தெரியாது. பரிசலிலிருந்து தாவினால் பரிசல் பின்னால் ஓடும். தாவியவர் தண்ணீரில் விழுவார். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே பாய்வதும் இதே நியாயந்தான். எடை பாதியானால் பின்னே வரும் வேகம் இரட்டிப்பாகும். குட்டையான பிடியில் சுண்டு விரலுக்கு இடமில்லாமல் போவதால் பிடிமானமும் குறைகிறது. மேல்பாகம் சிறிதாவதால் அதைத் தாங்கும் சுருள்வில்லைக் கடினமாக வைக்கவேண்டியிருக்கிறது. ஆகவே அதைப் பின்னுக்கு இழுக்க அதிக பலம் வேண்டும்.

இங்கேதான் ஒரு தப்பபிப்பிராயம் வேரோடியிருக்கிறது. "சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி, ஸ்திரீகளுக்கு அதுவே உசிதம்" என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டாம். விஷயம் நேர் விரோதமானது. சின்னத் துப்பாக்கி சாதுவான துப்பாக்கியல்ல. கையாளக் கஷ்டமான துப்பாக்கி. கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பெரியதே சுலபம். சின்னது தேர்ந்தவர்களுக்கு ஏற்றது.

அப்படியானால் சின்னதை ஏன் செய்கிறார்கள்? ஒரே ஒரு காரணந்தான்: மறைப்பதற்கு. சட்டைக்கு மேல் புடைத்துக் காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடிதான். குழல் இடுப்புக்குக் கீழே இறங்கி ஒளிந்துகொள்ளும். பிடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே மறைக்க விரும்புகிறவன் பிடியைக் குறைக்கிறான். மறைக்க அவசியமில்லாத போர்வீரன் விஷயத்தில் இது தலைகீழாகிறது. 2017-ல் அமெரிக்க ராணுவம் ஸிக் ஸாவர் கம்பெனியின் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. அதில் 'எம் 17' பெரியது, குழல் 4.7 அங்குலம், 'எம் 18' சிறியது, குழல் 3.9 அங்குலம். ஆனால் இரண்டுக்கும் தோட்டா 17-தான். குழலைத்தான் குறைத்தார்கள், கைக்குரிய இடத்தில் கைவைக்கவில்லை.

ஆக, பெரிதா சிறிதா என்ற கேள்வி உண்மையில் கைக்கும் இடுப்புக்கும் நடக்கும் வழக்கு. கை பெரியதைக் கேட்கிறது; இடுப்பு சிறியதைக் கேட்கிறது. நாள் முழுதும் சுமந்து திரிகிறவர்கள் கடைசியில் இடுப்பின் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "வீட்டில் விட்டுவந்த பெரிய துப்பாக்கியைவிட, உடன் இருக்கும் சிறிய துப்பாக்கி மேல்" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால், மறைத்து வைத்துக்கொள்வதை அந்த நாடே ஒரு காலத்தில் எப்படிக் கருதியது என்பதைப் பார்க்கவேண்டும். 1813-ல் கென்டக்கி, லூயிசியானா ஆகிய இரண்டு ராஜ்யங்கள் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தன. ஆயுதம் வைத்திருப்பவன் அதைப் பலர் அறிய வைத்திருக்கட்டும், ஒளிப்பவன் மனத்தில் கெட்ட எண்ணம் இருக்கும் என்பது அக்காலத்தவர் துணிபு. அதே கென்டக்கியில் 2019 முதலும், அதே லூயிசியானாவில் 2024 முதலும், லைசென்ஸ் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். டெக்ஸாஸில் 2021-லேயே லைசென்ஸ் அவசியமில்லை என்று ஆகிவிட்டது.

பழைய காலத்தவர் பயந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 1865-ல் ஆப்ரகாம் லிங்கனைக் கொன்றது உள்ளங்கைக்குள் அடங்கும் டெரிஞ்சர் துப்பாக்கி. 1914-ல் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு, உலக மகாயுத்தத்துக்கு வித்திட்டது பெல்ஜியத்தில் செய்த சிறிய பிஸ்டல். 1948-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, டில்லியில் பிரார்த்தனைக்குச் சென்றுகொண்டிருந்த மகாத்மாவின் மீது மூன்று குண்டுகளைப் பாய்ச்சியது இத்தாலிய பெரெட்டா. மூன்று துப்பாக்கிகளுமே சுமார் ஆறு அங்குல நீளந்தான். ஒரு சாண்கூட இல்லை. எதிரே வந்தவன் கையைக் கூப்பியபோதுகூட அவனிடம் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நம் நண்பர் உத்தமர். யாருக்கும் தீங்கு நினையாதவர். ஆகவே இந்தச் சரித்திரம் அவருக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். சரித்திரம் வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை கொலைகளல்ல, தற்கொலைகள். 2020-ல், ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களின் மரண காரணங்களில், மோட்டார் விபத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முதல் ஸ்தானத்துக்கு வந்தது துப்பாக்கிதான். திருடனுக்கென்று வாங்கியது பல வீடுகளில் வீட்டாருக்கே எமனாகியிருக்கிறது. பெரிய பிடியைக் குழந்தையின் கை சுற்றிப் பிடிக்காது என்று யாரும் ஆறுதல் கொள்ளவேண்டாம். இரண்டு கட்டைவிரல்களையும் விசையில் வைத்து அழுத்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பையிலும் தலையணை அடியிலும் சௌகரியமாக அடங்குவது சின்னதுதான் என்பதையும் மறப்பதற்கில்லை.

ஆகவே நண்பருக்கு நாம் எழுதிய பதில் இது:

"வாங்கத்தான் வேண்டுமா என்று இன்னொரு தடவை, இந்தத் தடவை மனைவியையும் வைத்துக்கொண்டு, யோசிக்கவும். வாங்குவதே தீர்மானமானால், வீட்டில் வைப்பதற்குப் பெரியதே மேல். அதை யாரிடமும் மறைக்கவேண்டியதில்லை, குறியும் தப்பாது. உடன் எடுத்துச் செல்வதானால் நடுத்தரமான சிறியதைப் பார்க்கவும். ஆனால் மாதந்தோறும் பயிற்சிக்குப் போக அவகாசமும் பணமும் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளவும். மிகச் சிறியது வேண்டவே வேண்டாம். எதை வாங்கினாலும், அதற்கு முன்னால் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிச் சுவரோடு முடுக்கிவிடவும். கடையில் துப்பாக்கியின் அளவைப் பற்றி எத்தனை நேரம் யோசிக்கிறீர்களோ, அத்தனை நேரம் அந்தப் பெட்டியின் சாவி எங்கே இருக்கும் என்பதைப் பற்றியும் யோசிக்கவும்."

அடக்கம் என்ற சொல்லுக்கு நம் பாஷையில் பணிவு என்றும் பொருளுண்டு, சிறியதாய் இருத்தல் என்றும் பொருளுண்டு, மண்ணில் புதைத்தல் என்றும் பொருளுண்டு. கையடக்கமானதைத் தேடிப் போகிறவர்கள் மூன்று பொருளையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

நண்பரிடமிருந்து மறுதபால் வந்துவிட்டது. பெட்டி வாங்கிவிட்டாராம். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. இப்போதைக்கு மனைவியின் நகைகள் அதில் இருக்கின்றனவாம்.