கொழுந்துக் காலமும் நம் கொப்பியும்



சித்திரை மழை விழுந்ததும் அக்கரப்பத்தனை மலைகளில் கொழுந்து குவியத் தொடங்கிவிடும். விடிந்தால் பிரட்டு, அதன்பின் நிறுவை, மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு. லயத்துக்குத் திரும்பினால் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். இந்த நாட்களில் யாராவது "முன்னேற்றம்" என்று பேசினால் நம் பெண்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனாலும் பேசுகிறோம். கைக்காசு நமக்குத் தேவைதான். ஆனால் காய்ச்சலோடு மலை ஏறி அதைத் தேடினால், மறுவாரம் படுக்கையில் நாலு பேர் போய்விடும். 1886இல் சிகாகோ தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டபோது, ஓய்வுக்கு எட்டு மணி, தமக்கென்று எட்டு மணி என்றும் சேர்த்தே கேட்டார்கள். ஓய்வு சோம்பல் அல்ல, உரிமை.

இந்தப் பருவத்துக்குப் பெரிய திட்டம் வேண்டாம். அன்றன்று பறித்த கிலோவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். எழுத வராதவர்கள் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதினால் எழுத்தும் கூடவே வரும். மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரைப்பேர் விழுந்திருந்தால் கேள்வி கேட்க அந்தக் கொப்பியே சாட்சி. சேமலாப நிதிக்கு நம் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் போகிறதா என்றும் பாருங்கள்.

அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? மாலை அடுப்பை ஆண்கள் மூட்டினால் வரும்.

தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம். பிள்ளைக் காம்பரா ஒழுங்காக நடக்கவில்லை என்றால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை.