முகூர்த்தம் தவறினால் தட்டும்!

கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாஸடரில் சேலத்திலிருந்து காரிமங்கலம் புறப்பட்டிருக்கிறீர்கள். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுகிறதா? உடனே பெட்ரோல் பங்க்காரரைத் திட்டாதீர்கள், பொறி முந்தியிருக்கலாம்.

பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பிளக்கில் பொறி விழவேண்டும். தீ பரவ நேரம் பிடிக்குமல்லவா? நிமிஷத்துக்கு 3000 சுற்றில், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எஞ்சின் 18 டிகிரி திரும்பிவிடும்! அதிகம் முந்தினால் பிஸ்டனுக்கே ஆபத்து. பிந்தினால் இழுவை போய்ச் சூடேறும்.

முதலில் பாயின்ட் இடைவெளியைச் சரிபாருங்கள். முதல் சிலிண்டர் அமுக்கத்தில் இருக்க, புல்லிக் குறியைக் கையேட்டிலுள்ள டிகிரியில் நிறுத்துங்கள். சாவியைப் போட்டு, பாயின்ட் கம்பிக்கும் பாடிக்கும் நடுவே சிறு பல்பை மாட்டுங்கள். ரோட்டார் சுற்றுகிற திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியும் கணமே முகூர்த்தம்! அங்கேயே போல்ட்டை இறுக்குங்கள்.

உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. இருக்கிற எஞ்சினைக் காப்பதுதானே சமர்த்து?