ங்வீ திரும்பியது நல்லதே

ஜாம்பியாவின் பணமான குவாச்சாவில் நூறில் ஒரு பங்கு ங்வீ. 1968இல் புழக்கத்துக்கு வந்த இந்தச் சில்லறை, பின்னாளில் விலைவாசி ஏறியபோது செல்லாக்காசாகிக் கடைவீதியை விட்டே மறைந்தது. 2013 ஜனவரி 1 அன்று, 1000 பழைய குவாச்சா 1 புதிய குவாச்சா ஆனது. 5, 10, 50 ங்வீ நாணயங்களும் திரும்பின. மூன்று பூஜ்யங்களை வெட்டியதால் விலைவாசி அடங்கிவிடாது என்பது உண்மைதான். ஆனால் சில்லறை இல்லாத சந்தையில் விலையை மேலே ஏற்றித்தான் முழுத்தொகை ஆக்குவார்கள். அந்த நஷ்டம் அன்றாடங்காய்ச்சியின் தலையில்தான் விடியும். மூட்டைக்கணக்கில் வாங்குபவருக்கு ங்வீ தேவையில்லை. இரண்டு தக்காளி வாங்குபவருக்குத் தேவை. நாணயம் அடிக்கும் செலவை மட்டுமே கணக்குப் பார்க்கும் அரசுகள், அன்றாடங்காய்ச்சியின் அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.